தழைச்சத்தின் கணக்கு

(தில்லி சரோஜினி நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சின் இடையில் வந்த சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



இயற்கை உரம் பற்றிப் பேச ஒருவர் வந்தால், அவர் எந்தக் கட்சி என்று சபை முதலில் பார்க்கும். யூரியாவை விஷம் என்பவர்கள் ஒரு கட்சி. தொழுவுரத்தைப் பழம்பெருமை என்று ஒதுக்குபவர்கள் மறு கட்சி. நான் மண் வேதியியல் படித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு செலவு பார்ப்பதுதான். இன்று நான் சொல்ல வந்தது இது: இயற்கை உரம் எதுவும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, புதிதாகப் படைப்பதில்லை. வேறெங்கோ இருந்த நைட்ரஜனை அது கொண்டுவந்து சேர்க்கிறது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, பயிருக்கு எப்போது கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு அதைப் புகழலாம், குறையும் சொல்லலாம். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து நாடே சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

1. இலை ஏன் மஞ்சளாகிறது

இந்தச் சரோஜினி நகரின் பழைய அரசுக் குவார்ட்டர்ஸ்களில் தரைத்தளத்து வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. தமிழ்க் குடும்பம் என்றால் அதில் ஒரு கறிவேப்பிலை கட்டாயம் நின்றது. இப்போது அந்த வீடுகளை இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் எழுப்புகிறார்கள். கறிவேப்பிலையும் பால்கனித் தொட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்த ஊரில் நான் மண்காரன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, 'கறிவேப்பிலை மஞ்சளாகிறதே, என்ன உரம் போடலாம்?' என்பதுதான்.

பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: மஞ்சளானது அடி இலையா, நுனிக் கொழுந்தா?

அடி இலைகள் முழுவதுமாக வெளிறி, கொழுந்து மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. நைட்ரஜன் செடிக்குள் நடமாடக்கூடிய சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையின் புரதத்தை உடைத்து, அந்த நைட்ரஜனைக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துத் தகராறு. தில்லியின் காரத்தன்மையுள்ள மண்ணிலும் கடின நீரிலும் இது சகஜம். அதற்கு எத்தனை பிண்ணாக்கு போட்டாலும் பயனில்லை. டிசம்பர், ஜனவரியில் செடி மொத்தமாக மஞ்சளாகி இலை உதிர்த்தால் அதற்குக் காரணம் குளிர். மார்ச்சில் தானாகத் துளிர்க்கும், விட்டுவிடுங்கள்.

சரி, நைட்ரஜனுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மக்னீசியம் அணு, அதைப் பிடித்துக்கொண்டு நான்கு நைட்ரஜன் அணுக்கள். ஆனால் பச்சையம் சின்னச் செலவு. பெரிய செலவு புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி மிக மந்தமானது. ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் அதனால் கையாள முடியும். அந்த மந்தத்தை ஈடுகட்ட, நெல், கோதுமை போன்ற பயிர்கள் அதை ஏராளமாகச் செய்து இலைக்குள் அடுக்கிக்கொள்கின்றன. இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு இந்த ஒரு நொதிக்கே போய்விடும். இலையில் நைட்ரஜன் குறைந்தால் சர்க்கரைச் சமையலே குறைகிறது. நிறம் மாறுவது நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே.

வயல் அளவில் சொன்னால், 1 டன் நெல் விளைய பயிர் மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் எடுக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் வேண்டுமென்றால் 75 முதல் 100 கிலோ எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

2. வரவு மூன்று வழியில்தான்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதில் மூழ்கி நிற்கும் செடியால் அதில் ஒரு துளிகூட எடுக்க முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள முப்பிணைப்பை உடைக்கும் கருவி செடியிடம் இல்லை. அதை உடைக்க இந்த உலகில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மின்னல் ஒன்று, அதன் பங்கு சொற்பம். நுண்ணுயிர்கள் இரண்டாவது: துவரை, உளுந்து, தக்கைப்பூண்டு வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம், அசோலா இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி போன்றவை. மூன்றாவது தொழிற்சாலை. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியதை கார்ல் போஷ் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையாக்கினார். சுதந்திர இந்தியாவில் சிந்திரி ஆலை 1951இல் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னை மணலியும் தூத்துக்குடி ஸ்பிக்கும் 1970களில் வந்தன.

இந்தப் பட்டியலில் மாடு இல்லை, மண்புழு இல்லை, பஞ்சகவ்யமும் இல்லை. மாடு தின்ற வைக்கோலிலும் தீவனத்திலும் இருந்த நைட்ரஜன்தான் சாணத்திலும் மூத்திரத்திலும் வருகிறது. அந்த வைக்கோல் உங்கள் வயலில் விளைந்தது என்றால், தொழுவுரம் உங்கள் வயலின் நைட்ரஜனை உங்கள் வயலுக்கே திருப்புகிறது, அதுவும் வழியில் சிந்தியது போக. தீவனம் வெளியூரிலிருந்து வந்தது என்றால் வெளியூர் மண் இளைத்து உங்கள் மண் கொழுக்கிறது.

அதனால்தான் இயற்கை உரங்களில் பசுந்தாள் உரத்துக்கு நான் தனி இடம் கொடுப்பேன். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில், 45 முதல் 50 நாளில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிர் ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ நைட்ரஜன் சேர்க்கும். அதில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த புது வரவு. தண்டிலும் முடிச்சு வைக்கும் மணிலா அகத்தி இன்னும் கெட்டிக்காரப் பயிர். தேங்கிய நீரிலும் அது வேலையை நிறுத்தாது.

3. மூட்டையும் வண்டியும்

இப்போது எவ்வளவு என்ற கேள்வி. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. நல்ல தொழுவுரத்தில் 0.5 சதவீதம். ஆகவே ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு 4 டன்னுக்கு மேற்பட்ட தொழுவுரம். மண்புழு உரம் 1.5 முதல் 2 சதவீதம். வேப்பம் பிண்ணாக்கு சுமார் 5. கடலைப் பிண்ணாக்கு சுமார் 7.

அளவு ஒரு பாதி. மறுபாதி காலம். உங்களில் பலர் அரசுப் பணியில் இருந்தவர்கள், சட்டென்று பிடிபடும்: யூரியா கையில் வரும் ரொக்கம், தொழுவுரம் பி.எஃப். கணக்கு, பெயரில் பணம் இருக்கும், கேட்ட அன்று எடுக்க முடியாது. தொழுவுரத்தின் நைட்ரஜனில் முதல் பயிருக்குக் கிடைப்பது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. மிச்சம் அடுத்த போகங்களில் மெல்ல மெல்ல வரும்.

ஏன் இந்தத் தாமதம் என்றால், செடியின் வேர் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோதான் உறிஞ்சும். உரத்திலோ அது புரதமாகவும் சிக்கலான கரிமப் பொருளாகவும் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, தங்கள் தேவை போக மிஞ்சியதை அம்மோனியமாக வெளிவிடும். பிறகு வேறு இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும். கவனியுங்கள், 'தேவை போக மிஞ்சியது'. நுண்ணுயிரின் உடம்பில் கரி 8 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு. அது தின்னும் கரியில் பாதிக்கு மேல் மூச்சில் போய்விடும். ஆகவே கிடைக்கும் தீனியில் கரி, நைட்ரஜன் விகிதம் 20, 25க்குள் இருந்தால் மிச்சம் உண்டு. அதற்கு மேல் போனால் அது மண்ணிலிருக்கும் நைட்ரஜனையே எடுத்துத் தின்னும். வைக்கோலில் இந்த விகிதம் 80ஐ ஒட்டி இருக்கும், மரத்தூளில் 400கூட வரும். மக்காத வைக்கோலை உழுத வயலில் நாற்று வெளிறி நிற்பதன் காரணம் இதுதான். 'இயற்கையாகத்தானே போட்டேன், பயிர் ஏன் மஞ்சளாகிறது?' என்று கேட்பவர், உரம் போட்டதாக நினைத்துக்கொண்டு நுண்ணுயிர்களுக்கு விருந்து வைத்து, சாம்பார் செலவைப் பயிரின் தலையில் கட்டியவர்.

உதிர்ந்த இலைக்கும் இதே கதை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தில்லியில் வேம்பும் அரசும் கொட்டித் தீர்க்கும். அந்த இலைகளைத் தெருவோரம் கொளுத்துவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடைசெய்தது மிகச் சரி. இந்த மரங்களின் சருகை மக்கவைப்பது நல்ல காரியம். ஆனால் மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருந்த நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் கைக்கு வருவது சக்கை. சருகு உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரம் காக்கும். தழைச்சத்துக்காக அதை நம்பக்கூடாது. சாணமோ காய்கறிக் கழிவோ கலந்தால்தான் அது உரமாகும்.

இதை இந்திய மண்ணில் முறைப்படுத்திக் காட்டியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்தவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் கழிவுகளை மக்கவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவருக்கு அதில் துணைநின்றவர் யஷ்வந்த் வாட். இந்தூர் முறை என்றதும் எல்லோருக்கும் சாணக் குவியல் நினைவுக்கு வரும். அந்த முறையில் மாட்டுக் கொட்டிலின் மூத்திரம் ஊறிய மண்ணுக்கும் முக்கிய இடம் உண்டு. கால்நடை வெளியேற்றும் நைட்ரஜனில் பெரும்பகுதி மூத்திரத்தில் இருக்கிறது. சாணத்தை மட்டும் அள்ளிக் குவித்து, மூத்திரத்தைச் சாக்கடையில் விட்டு, குவியலையும் வெயிலில் காயவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் நார்.

நம் ஊர் இதை இந்தூருக்கு முன்பே அறிந்திருந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் தஞ்சைப் பக்கம் ஆடுகளை ஓட்டிவந்து வயலில் கிடை போடுவார்கள். இரவில் பட்டியை அடைத்து, மறுநாள் பட்டியை நகர்த்தி, வயல் முழுவதும் ஆடுகளைப் படுக்கவைப்பார்கள். புழுக்கை மண்ணில் விழும், மூத்திரம் நேராக மண்ணில் இறங்கும். குழிக்கும் குவியலுக்கும் நடுவில் ஆவியாகும் நஷ்டம் குறைவு. காலையில் கோடை உழவு போட்டு மூடிவிட்டால் இன்னும் நல்லது. கிடைக்கு விவசாயி கூலி கொடுத்தது சும்மா இல்லை.

யூரியாவின் கணக்கிலும் கசிவு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக மூன்றில் ஒரு பங்கோ சற்று அதிகமோதான். இங்கே தில்லியின் பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராஜேந்திர பிரசாத் என்ற உழவியல் அறிஞரும் அவருடைய மாணவர்களும் 1970களிலேயே வேப்பம் பிண்ணாக்குப் பூச்சு இந்த நஷ்டத்தைக் குறைப்பதை ஆராய்ந்தார்கள். உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு கட்டாயமானது 2015இல்.

4. இலங்கை, 2021

கணக்கு பார்க்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்றேன். 2021 ஏப்ரல் கடைசியில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுக்க முடிவெடுத்தது. மே முதல் வாரத்தில் வர்த்தமானி அறிவிப்பு வந்தது. ஒரே பருவத்தில் நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்றார்கள். அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதன் பின்னால் இருந்தது.

பெரும்போகம் எனும் முதன்மை நெல் பருவத்தில் ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் பயிராகும் நாடு அது. ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் என்று வைத்தால், தொழுவுரக் கணக்கில் 20 டன். மொத்தம் 1 கோடியே 40 லட்சம் டன், ஒரு போகத்துக்கு. அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் அந்தப் பயிருக்கு உதவும். அத்தனை மாடும் இல்லை, லாரியும் இல்லை. சீனாவிலிருந்து இயற்கை உரம் ஏற்றிவந்த கப்பலை, சரக்கில் தீங்கான கிருமி இருப்பதாகச் சொல்லி இலங்கை ஏற்க மறுத்தது. பிறகு 67 லட்சம் டாலர் கொடுத்துத் தகராறை முடிக்கவேண்டி வந்தது. நவம்பர் 4 அன்று, தீபாவளி நாளில், இந்திய விமானப்படை 100 டன் நானோ நைட்ரஜன் திரவத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்கியது. உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் 4 சதவீதத் திரவம் 100 டன் என்றால் உள்ளே இருக்கும் நைட்ரஜன் 4 டன், சுமார் 200 மூட்டை யூரியாவுக்குச் சமம்.

நவம்பர் கடைசியில் தடை முழுவதுமாக விலகியது. அதற்குள் பெரும்போகத்துக்கு நேரம் தப்பிவிட்டது. அந்தப் போகத்தின் நெல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல்லை நம்பிய குடும்பங்களுக்கு அது என்ன ஆண்டாக இருந்திருக்கும் என்று நான் விவரிக்கவேண்டியதில்லை. 2022இல் இலங்கை இந்தியக் கடனுதவியில் யூரியாவுக்குத் திரும்பியது.

இதை இயற்கை விவசாயத்தின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பசுந்தாள் பயிர், பயறு, கால்நடை, மண்ணின் கரிமம் எல்லாம் ஏறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலத்தைக் கொடுக்காமல் ஓர் அரசாணையால் நைட்ரஜனை வரவழைக்கப் பார்த்தார்கள். தோற்றது அரசாணை.

5. தில்லியின் நைட்ரஜன் எங்கே போகிறது

நம் நகரத்துக்கு வருவோம். தில்லியில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை சுமார் 11,000 டன். பாதி ஈரக்கழிவு என்று கொள்வோம். 5,500 டன். அத்தனையையும் ஒரு தோல்கூட வீணாகாமல் மக்கவைத்து, ஐந்தில் ஒரு பங்கு உரமாகத் தேறினால் 1,100 டன். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புறக் கம்போஸ்ட்டில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச நைட்ரஜன் 0.8 சதவீதம். அதாவது 8.8 டன். யூரியாவாகச் சொன்னால் 425 மூட்டை, இரண்டு லாரி.

எனக்கே இந்த விடை முதலில் சப்பென்றிருந்தது. காஜிப்பூர் குப்பைமலை வளராமலிருக்கவும், அதிலிருந்து மீத்தேன் கிளம்பாமலிருக்கவும், மண்ணுக்குக் கரிமம் சேரவும் கம்போஸ்ட் வேண்டும். நைட்ரஜன் கணக்கில் அது சிறு தொகை.

பெரும் தொகை எங்கே? ஒருவர் நாளைக்கு 60 கிராம் புரதம் சாப்பிட்டால் உள்ளே போகும் நைட்ரஜன் 9.6 கிராம். வளர்ந்த உடம்பு அதைச் சேர்த்துவைப்பதில்லை. போனது வெளியே வரும், பெரும்பாலும் சிறுநீரில் யூரியாவாகவே. இரண்டு கோடிப் பேர் என்றால் நாளைக்கு 190 டன். ஈரக்கழிவுக் கம்போஸ்ட்டில் தேறுவதைப்போல் 20 மடங்குக்கு மேல். இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலக்கிறது, மிச்சத்தில் பெரும்பகுதி யமுனையில் சேர்கிறது. அந்தக் காற்றிலிருந்து அதே நைட்ரஜனை, இறக்குமதி எரிவாயுவைச் செலவழித்து, நம் ஆலைகள் மறுபடி பிடிக்கின்றன. மானியம் வேறு.

'யமுனையில் அம்மோனியா கூடிவிட்டது, குழாயில் தண்ணீர் குறைவாக வரும்' என்ற அறிவிப்பை ஒவ்வொரு குளிர்காலமும் நீங்கள் படிக்கிறீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டிவிட்டால் வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்கள் திணறும். அந்த அம்மோனியா பானிபட், சோனிபட் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவிலிருந்தும் ஊர்ச் சாக்கடையிலிருந்தும் வருவது. வயலில் இருந்தால் உரம், ஆற்றில் இருந்தால் நமக்குக் குடிநீர் இல்லை.

இதைப் பயன்படுத்த முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. 1939இல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் அடுக்கடுக்காகக் குழியில் போட்டு மூடி மக்கவைக்கும் முறையை வகுத்தார். பல நகராட்சிகள் அதைப் பின்பற்றின. மதுரை அவனியாபுரத்தில் சாக்கடை நீரில் தீவனப்புல் வளர்த்தார்கள். இன்று சாக்கடையில் ஆலைக் கழிவின் கன உலோகங்களும் கலப்பதால் அப்படியே வயலுக்கு விடுவது ஆபத்து. ஆகவே செய்யவேண்டியது ஆலைக் கழிவை வீட்டுக் கழிவிலிருந்து முதலிலேயே பிரிப்பது. அதைச் செய்யாமல் ஆயிரம் வீடுகளுக்குக் கம்போஸ்ட் வாளி கொடுப்பது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

6. பால்கனிக்காரர்களுக்கு

தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முடித்தால் என்னை விடமாட்டீர்கள். இந்த ஊர் நர்சரிகளில் கடுகுப் பிண்ணாக்கு கிடைக்கும், 'சர்சோ கலி' என்று கேளுங்கள். நைட்ரஜன் சுமார் 5 சதவீதம். 50 கிராமில் 2.5 கிராம். அதே அளவை நகர்ப்புறக் கம்போஸ்ட்டில் பெற 300 கிராமுக்கு மேல் வேண்டும். பிண்ணாக்கை நீரில் ஊறவைத்தால் நாலைந்து நாளில் நாறும். புரதம் உடைகிறது என்று பொருள், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து மடங்கு நீர் கலந்து, ஈரமான மண்ணில் ஊற்றவேண்டும். கெட்டியாக ஊற்றினால் வேர் கருகும், இயற்கை உரமாயிற்றே என்று அம்மோனியா தயவு காட்டாது.

நுண்ணுயிர்களுக்குச் சூடு வேண்டும். தில்லியின் ஜனவரியில் மண்ணில் அவை ஏறக்குறைய வேலைநிறுத்தம்தான். வெந்தயக்கீரைக்கும் பாலக்குக்கும் போடவேண்டிய மக்கிய உரத்தை விதைக்கும் முன்பே, அக்டோபர் முதல் வாரத்துக்குள் மண்ணில் கலந்துவிடுங்கள். பொங்கலன்று போட்டால் அந்தத் தழைச்சத்து கீரைக்கு வராது, மார்ச்சில் துளிர்க்கும் கறிவேப்பிலைக்குத்தான் போய்ச்சேரும்.